ட

மினா அப்துல்லாவில்
ஒரு மீட்டர் எண்பது ஆழத்தில் மண்ணின் நிறம் மாறியது.
எல்லய்யா இயந்திரக் கையை அந்தரத்தில் நிறுத்திவிட்டான்.
மேலே வெளிர் மணல். கீழே
எண்ணெய் குடித்துக் கறுத்த மணல்,
பழைய சாக்கொன்றின் நார், துருவேறிய தகரம்.
தொண்ணூறில் வந்த படை வெட்டிய குழி, என்றான் ஷவ்கி.
மூடியது யாரென்று அவனுக்கும் தெரியாது.
கண்ணிவெடி பார்ப்பவர்கள் வரும்வரை
குளிர்நீர்க் குழாய்க்கான பெர்மிட் ரத்து.
எல்லோரும் பஸ்ஸின் நிழலில்.

அப்போதுதான் வந்தது ஆரூரனின் குரல்,
பிரான்சிலிருந்து, நாலு நிமிடம் பதினொரு செக்கன்.

அக்காவின் மகன். ஸ்காபரோவில் பதினோராம் வகுப்பு.
பள்ளிக்கூடம் விமி மேட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறது.
ஆளுக்கொரு செத்த பெடியன் பங்கு;
இவனுக்கு வாய்த்தது ஹெக்டர் மக்கினிஸ்,
கேப் பிரெட்டன், நிலக்கரிச் சுரங்கம், வயது பத்தொன்பது.

"மாமா, கனடாவின்ர நாலு டிவிஷனும்
முதல்முதல் ஒண்டா நிண்டது இஞ்சதான்.
ஏப்ரல், ஆனா பனிமழை. விடிய அஞ்சரை.
தங்கட ஷெல்லுக்குப் பின்னால நடக்கோணும்,
மூண்டு நிமிசத்துக்கு நூறு யார்.
கெதியா நடந்தா தங்கட ஷெல்,
மெதுவா நடந்தா அவங்கட துவக்கு.
மணிக்கூட்டைப் பாத்துப் பாத்து நடந்தவங்கள் மாமா."

இடையில் யாருக்கோ பிரெஞ்சில் பதில் சொல்கிறான்.
காற்று. சப்பாத்துச் சத்தம்.

"அதுக்கு ரெண்டு வருசம் முந்தி ஈப்பரில
பச்சைமஞ்சளா காஸ் வந்ததாம்.
மூத்திரத்தில துணியை நனைச்சு
மூக்கில கட்டினவங்களாம்."
சிரிக்கிறான். சிரித்ததற்கு வெட்கப்பட்டு நிறுத்துகிறான்.
என் இடுப்பில் எச்.டூ.எஸ் மானி
ஒருதரம் மினுங்கிப் பூச்சியம் காட்டியது.

பாசண்டேல் பற்றி இவ்வளவுதான்:
"அங்க கனபேர் சேத்துக்குள்ள தாண்டு போச்சினம்.
டீச்சர் அதுக்குமேல சொல்லேல்ல."

ஹெக்டருக்குக் கல்லறை இல்லை.
வெள்ளைச் சுவரில் பதினோராயிரத்துச் சொச்சம் பேரோடு
அவனும் ஒரு பெயர். விரலால் தடவிப் பார்த்தானாம்,
எழுத்துக் குளிர்ந்ததாம்.

கடைசியில்தான் இது:
"மாமா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்காது,
ட்ரெஞ்ச் நேரா வெட்டமாட்டினம். வளைச்சு வளைச்சுத்தான்.
நேரா இருந்தா, ஒரு ஷெல் விழுந்தாலே
முழு நீளத்துக்கும் ஓடும்."

தெரிஞ்சிருக்காது.

அப்படியென்றால் அக்கா ஒன்றுமே சொல்லவில்லை.

அதே தொண்ணூறில், புன்னாலைக்கட்டுவனில்,
கிணற்றடிக்கும் முருங்கைக்கும் நடுவே
அப்பா வெட்டியது ட வடிவம்.
மேலே தென்னங்குற்றி, அதற்குமேல் மண்மூட்டை,
சாக்குப் போதாமல் அம்மாவின் கூறைச்சேலையும் மூட்டையானது.
சகடை சுற்றும்போது அக்கா மடக்குக்குள்,
நான் வாசல் பக்கம்.
மடக்குத்தான் பத்திரம். அவள்தான் முதலில் ஓடுவாள்.
ஒருநாள் நான் முதலில் ஓடினேன்.
அதற்குப் பிறகு
அவள் இடது காதைத் தொலைபேசிக்குக் கொடுப்பதில்லை.

மூன்று பதில் எழுதினேன். மூன்றையும் அழித்தேன்.
எழுந்துபோய்ச் சவள் பிடியால் மணலில் கீறிப்
படமெடுத்து அனுப்பினேன்.

"இதென்ன மாமா, எல் எழுத்தா?"

சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்குப் போனவன்தான்.
"அம்மாட்டக் கேள்," என்றேன்.

அங்கே விடிய மூன்று மணி.
அனுப்பிவிட்டான் போல. கொஞ்ச நேரத்தில்
அக்காவின் பெயருக்குக் கீழே
எழுதுகிறார்,
எழுதுகிறார்,
நின்றது. மறுபடி எழுதுகிறார்.

கண்ணிவெடிக்காரரின் வண்டி தூசியோடு திரும்பியது.
ஷவ்கி கைதட்டி எல்லோரையும் எழுப்பினான்.
எல்லய்யா ஏணியை மிதித்து ஏறி
இயந்திரத்தை உறுமவிட்டான்.
வரைபடத்தில் எங்கள் குழாய்
நேர்கோடு.